மண் கேட்கும் நாள்

பெண் வீட்டார் வரும்போது கத்திரிக்காடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, இலை ஓட்டை விழுந்த செடிகளுக்கெல்லாம் முந்தின நாளே மருந்தடித்து வைத்திருந்தார் மாப்பிள்ளையின் அப்பா அர்த்தநாரி. அங்கேதான் கெட்டது காரியம்.

தாம்பூலம் மாற்றுமுன் மாப்பிள்ளை வீட்டு மண்ணின் சத்தத்தைப் பெண் கேட்டுப் பார்ப்பது வழக்கமாகி வெகு காலம் ஆகிவிட்டது. மணப்பெண் பூவிழி மண்டியிட்டு, கேட்புக்கருவியைக் கத்திரிச் செடியடியில் ஊன்றினாள். மண்ணுக்குள் வாழும் நுண்ணுயிர்களின் இரைச்சல் தேன்கூடு போலக் கேட்க வேண்டும். ஒரு சத்தமும் இல்லை. அவள் அப்பாவின் முகம் சுருங்கியது.

"புழு இருந்தா அசிங்கமுன்னு நேத்து மருந்தடிச்சுப் போட்டனுங்க" என்றார் அர்த்தநாரி. சம்பந்தி என்று அழைக்க வாய் வரவில்லை.

பூவிழி கை கழுவக் கொல்லைப்புறம் போனாள். அரிசி களைந்த தண்ணீரைத் தினமும் ஊற்றுகிற வாழையடியில், போகிற போக்கில் கருவியை ஊன்றிப் பார்த்தாள். கல்யாணப் பந்தி போல அது இரைந்தது. எல்லோரும் ஓடி வந்தார்கள்.

"ஏனுங் மாமா, இங்க இத்தன சனத்த வெச்சுக்கிட்டா பயந்தீங்க?" என்று சிரித்தாள். "இந்த மண்ணுல நாலு கூடை அள்ளிக் கத்திரிக்குப் போடுங்க. இனி மருந்தத் தொடாதீங்க. அந்தக் காடு பேசட்டும், அப்பறம் முகூர்த்தம் வெச்சுக்கலாம்."

மாமா என்று அவள் கூப்பிட்டதே அர்த்தநாரிக்குப் போதும். மண்வெட்டியை எடுக்கத் திரும்பினார். வைத்த இடத்தில் அது இல்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை அதற்குள் வாழையடியில் வெட்ட ஆரம்பித்திருந்தான்.