சுவர் எல்லாருக்கும் ஒன்றுதான்

ஒரு வீட்டு வராந்தாவில் பல்லிகள் பள்ளிக்கூடம் நடத்திவந்தன. யார் கண்ணிலும் படாமல் சுவரில் ஒட்டிக் கிடக்க வேண்டும், அதுதான் தேர்வு. தேறிய குட்டிக்கு டியூப்லைட் பக்கத்தில் இடம், ஆயுசுக்கும் பூச்சிக்குப் பஞ்சமில்லை. தோற்றால் பரண் மூலையும் பட்டினியும்தான்.

கறுத்த அம்மாப் பல்லி ஒருத்தி தன்னைப் போலவே கறுத்த மகள் மிளகியைத் தேர்வுக்கு அழைத்து வந்தாள். மிளகி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்தாள். வாத்தியார் பல்லி ஒரே பார்வையில், "தெரியுது, ஃபெயில்!" என்றார். வாலை ஆட்டிக்கொண்டே கிடந்த அவர் மகன் பாலு பாஸ்.

அம்மா கேட்டாள். "சார், சுவர் வெள்ளையா இருக்கே..."

"சுவர் எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா? நான் நிறமெல்லாம் பார்க்கிறதே இல்லை. பிள்ளைக்கு நல்லாப் பயிற்சி கொடுங்க."

"கொடுக்கிறேன் சார். வாசல் வேப்பமரத்துல ஒரு தடவை வெச்சுப் பாருங்களேன். என்ன ஆகுதுன்னு தெரிஞ்சுக்கத்தான்."

பாலுவுக்கும் ஆசை வந்துவிட்டது. இரண்டு குட்டிகளும் அடிமரத்தில் போய் ஒட்டிக்கொண்டன. மிளகி எங்கே என்று அவள் அம்மாவுக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மேல்கிளையில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது.

"பாலு, ஓடி வாடா! வெள்ளையா பளிச்சுனு தெரியறியே!" என்று வாத்தியார் அலறினார்.

பாலு விழுந்தடித்து ஓடி வந்தான். பின்னாலேயே மிளகி நிதானமாக வந்து சேர்ந்தாள்.

"அடுத்த தேர்வை எங்கே சார் வைப்பீங்க?" என்று அம்மா கேட்டாள்.

பாலுதான் பதில் சொன்னான்.

"மரத்துல வெச்சா நான் ஃபெயில் ஆயிடுவேன் ஆன்ட்டி. அப்பா வைக்க மாட்டார்."