கழுதைக்குத் திரும்பிய ஒரு மணி நேரம்

அந்தத் தெருவில் ஓர் ஏற்பாடு: ஒருவர் ஒரு மணி நேரம் உதவினால், அதே ஒரு மணி நேரம் அவருக்குத் திருப்பி உதவ வேண்டும்.

காகம் கூடு கட்டும்போது கழுதை மரத்தடிக்கு வந்தது. ஒரு குச்சியைக்கூடத் தொடவில்லை. "குச்சியைக் கீழ வை தம்பி. இல்லல்ல, மேல வை" என்று ஒரு மணி நேரம் யோசனை சொல்லிவிட்டு, "நான் உதவினதை மறந்துடாத" என்று கிளம்பியது.

மறுநாள் கழுதை சாக்கடைச் சேற்றில் வயிறுவரை மாட்டிக்கொண்டு கத்தியது. காகம் பறந்து வந்து அதன் முதுகில் வசதியாக உட்கார்ந்தது.

"முதல்ல வலது காலை வச்சிருக்கக் கூடாதுண்ணே."

"மூழ்குறேன்டா! எருமையைக் கூப்பிடு, இழுத்துவிடட்டும்!"

"கூப்பிடுறேண்ணே. யோசனை இன்னும் அம்பத்தொம்பது நிமிஷம் பாக்கியிருக்கு, அதை முடிச்சுக்கிறேன்."