லிஃப்டுக்குள் நடுவர்

நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோனதும், நடுவர் அபாய மணியை அழுத்தினார்.

"மெக்கானிக்குக்குச் சொல்லிட்டேன் சார். பத்தே நிமிஷம்," என்றது ஸ்பீக்கரில் செக்யூரிட்டியின் குரல்.

பத்து நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆனது. வியர்வையில் சட்டை தொப்பலாகிவிட்டது. வேலையாவது நடக்கட்டும் என்று தரையில் உட்கார்ந்து செல்போனைத் திறந்தார். கற்றுக்குட்டிகள் செய்த வீடியோ கேம்களுக்கான போட்டிக்கு அவர் நடுவர். எதை யார் செய்தது என்று நடுவருக்குச் சொல்ல மாட்டார்கள். இன்னும் ஒரே ஒரு கேம்தான் பாக்கி.

"என்ன சார் பண்றீங்க?"

"கேம் ஆடிப் பார்த்து மார்க் போடுறேன்ப்பா. இதுலயும் ஒருத்தன் லிஃப்டுல மாட்டிக்கிறான்."

"எப்படி சார் இருக்கு?"

"படு மொக்கை. மூணு நிமிஷத்துல செக்யூரிட்டி ஓடி வந்து திறந்து விட்டுடறான். மாட்டிக்கிட்டவன் தவிக்க வேண்டாமா? நல்லா இழுத்தடிச்சிருக்கணும்."

அதையே விமர்சனமாக எழுதி, பத்துக்கு ஒன்று போட்டு அனுப்பினார்.

ஸ்பீக்கரில் செக்யூரிட்டியின் செல்போன் 'டிங்' என்றது.

"என்னப்பா, மெக்கானிக் வந்தாரா?"

"இப்பத்தான் சரி பண்ணிட்டுப் போனார் சார். இங்க சுவிட்சைத் தட்டினா லிஃப்ட் கிளம்பிடும்."

"அப்போ தட்ட வேண்டியதுதானே?"

"நான் ரெண்டு மாசம் கண் முழிச்சு செஞ்ச கேம் சார் அது. நீங்க சொன்ன மாதிரி, கொஞ்சம் இழுத்தடிச்சுப் பார்க்கிறேன்."