படத்துக்குப் பின்னால்

ஒஸ்மோவின் திருட்டுத்தனம் மிர்வாவிடம் பிடிபட்டதற்குக் காரணம், அவன் பனியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டதுதான்.

பின்லாந்தின் தாம்பரே நகரில் இருவரும் சேர்ந்து நடத்தும் இணைய இலக்கிய இதழில், கதைகளையும் படங்களையும் தேர்ந்தெடுப்பது மிர்வா. வலையேற்றுவது ஒஸ்மோ. இருவருக்கும் ஒரே விதி: இதழை நடத்தும் தாங்கள் எழுதியது இதழில் வரக்கூடாது. அந்த விதிக்காகத் தன் கதைகளை மேசைக்குள் போட்டுப் பூட்டியவள் மிர்வா.

அவன் கை மாவுக்கட்டில் இருந்ததால் வசந்த கால இதழை அவளே ஏற்ற உட்கார்ந்தாள். எப்படிச் செய்வது என்று பழைய இதழ்களை வலையேற்றிய உள்பக்கத்தைத் திறந்து பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு சின்னக் கட்டம். வாசிக்கிற பக்கத்தில் அது தெரியாது. அதற்குள் எழுத்து!

'ஏரி இன்னும் பாதி உறைந்திருக்கிறது. யாரோ வந்து கைகொடுப்பார்கள் என்பதுபோல் படகுத்துறையில் ஒரு சிவப்புக் கையுறை விரல்களை விரித்துக்கொண்டு கிடக்கிறது.'

அத்தனையும் ஒஸ்மோவின் நடை. நன்றாக வேறு இருந்து தொலைத்தது. அதில்தான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

புது இதழில் அந்தக் கட்டங்களைக் காலியாகவே விட்டு ஏற்றினாள். மறுநாள் காலையில் அவன் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒஸ்மோ ஒற்றைக் கையால் காபி ஊற்றி, ஏலக்காய் பன்னை நகர்த்தி வைத்தான். அவள் தொடவில்லை.

"எத்தனை நாளா இந்த வேலை நடக்குது?"

"எந்த வேலை?"

"படத்துக்குப் பின்னால ஒளிச்சு ஒளிச்சு எழுதறியே, அது."

"ஓ, அதுவா. ஆரம்பத்திலேருந்தே."

"வெக்கமா இல்லே? நான் என் கதையைப் பூட்டி வெச்சிட்டு உக்காந்திருக்கேன். நீ கொல்லைப்புறமா உன் சரக்கை உள்ள தள்றே."

"அது கதை இல்லே."

"கையுறை விரலை விரிச்சுக்கிட்டுக் காத்திருக்குதாம். கதை இல்லாம அது என்ன, சமையல் குறிப்பா?"

ஒஸ்மோ யோசித்தான். அவனிடமிருந்து பதில் வருவதற்குள் ஏரி உருகிவிடும்.

"ஆசிரியர் குழுவிலேருந்து உன் பேரை எடுக்கப் போறேன்." சொல்லிவிட்டாளே தவிர, அவனை விட்டால் இந்த இதழுக்கு வேறு நாதியில்லை.

அப்போது மிர்வாவின் கைபேசியில் இதழின் எண்ணுக்கு அழைப்பு வந்தது. பெண் குரல்.

"வடக்கே ரொவானியெமியிலேருந்து பேசறேன். உங்க வாசகி. புது இதழ்ல படமெல்லாம் ஏன் பேச மாட்டேங்குது?"

"படம் பேசுமா? கண்ணுக்கு நல்லாத்தானே தெரியுது?"

"உங்க கண்ணுக்குத் தெரியும்." அந்தப் பெண் சிரித்தாள். "எனக்குப் பார்வை கிடையாது. கம்ப்யூட்டர்தான் வாசிச்சுக் காட்டும். மத்த பத்திரிகையில 'படம்'னு மட்டும் சொல்லிட்டுத் தாண்டிப் போயிடும். உங்களோடதிலதான் யாரோ பக்கத்துல உக்காந்து, அதுல என்ன இருக்குன்னு சொல்லிக்கிட்டே வருவாங்க. அதுக்காகவே இதழ் எப்ப வரும்னு பார்த்துக்கிட்டிருப்பேன்."

மிர்வாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. "இன்னிக்கே பேசும்ங்க" என்று சொல்லிக் கைபேசியை வைத்தாள்.

"ஏன்டா சொல்லலே?"

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றான் ஒஸ்மோ. "கம்ப்யூட்டரைக் கொடு. இடது கையால தட்டறேன்."

"வேணாம். நானே எழுதறேன்."

அட்டைப் படத்தைத் திறந்தாள். அவளே பொறுக்கியெடுத்த படம்தான். அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாகப் பார்த்தாள்.