செங்கம்மாளின் படபடப்பு

டாக்டர் சுப்பராயன் நாடி பிடித்தது செங்கம்மாளின் கையில். முறைத்தது அவள் புருஷன் தேசப்பனை.

தூக்கமில்லை, வயிறு எரிகிறது, ஞாயிற்றுக்கிழமை வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று அவள் சொல்லி முடித்ததும் அவர் அவன் பக்கம் திரும்பினார்.

"நீ சீட்டாடுறியாமே?"

தேசப்பன் தலை குனிந்தான். திருப்பாச்சூரில் மூன்று காணி நெல் வயல் வைத்திருந்தவன். ஞாயிறு தவறாமல் திருவள்ளூர் மனமகிழ் மன்றத்துக்குப் போய், மனம் மகிழ ரம்மி ஆடி, இப்போது இரண்டு காணிக்கு வந்திருந்தான்.

"ஆடுறவனோட நிக்காதுய்யா அது. கூட இருக்கிறவங்க தூக்கத்தைக் கெடுக்கும், குடலைப் புண்ணாக்கும், ரத்தக்கொதிப்பைக் கொண்டுவரும். மருந்து அவளுக்கு இல்ல, உனக்குத்தான்" என்றார் டாக்டர். ஆனாலும் வந்தவளை வெறுங்கையோடு அனுப்பாமல் ஒரு பாட்டில் சிவப்பு மிக்ஸ்சர் கொடுத்து, அதற்குக் காசும் வாங்கிக்கொண்டார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் தேசப்பன் அவளையே நினைத்துக்கொண்டு வந்தான். பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள் திட்டியிருப்பாளா? அவன் வரும்வரை எதிர்வீட்டு கிரேஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி இருப்பாள். தோற்றுவிட்டேன் என்று சொன்னால், முகம் கோணாமல் சுடுசோறும் விரால்மீன் குழம்பும் போடுவாள்.

எழுபத்திரண்டாம் வருஷப் பொங்கல் கழிந்த ஞாயிறன்று அபூர்வமாக எண்பது ரூபாய் ஜெயித்து, இரண்டு முழம் மல்லிகையோடு வந்தான். அன்றைக்குத்தான் அவள் குப்புறப் படுத்து அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தான். அதற்குப் பிறகுதான் இந்தப் படபடப்பே வந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியவன் நேரே கோயிலுக்குப் போனான். சிவன் சந்நிதியில் கற்பூரத்தை அடித்து அணைத்து, இனிச் சீட்டைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தான்.

சொன்னபடி நின்றான். மன்றத்திலிருந்து ஆள்மேல் ஆள் வந்து கூப்பிட்டும் அசையவில்லை. மூன்றே வாரத்தில் அவனுடைய தலைவலி போனது. பீடி பாதியாகக் குறைந்தது. படுத்தால் விடியும்வரை குறட்டைதான்.

செங்கம்மாளுக்குத்தான் முற்றியது. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். ஞாயிறு காலையானால் தெருவுக்கும் அடுப்படிக்கும் நடந்து, "ஒம்பதரை பஸ்ஸும் போயிடுச்சு" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். டாக்டர் சிவப்பு மிக்ஸ்சரை நிறுத்திவிட்டு வெள்ளை மிக்ஸ்சர் கொடுத்துப் பார்த்தார். அதுவும் எடுபடவில்லை.

நாலாவது ஞாயிறு காலை, அவன் வெள்ளைச் சட்டையைத் துவைத்து மடித்து எதிரே கொண்டுவந்து வைத்தாள்.

"ஒரே ஒரு தபா போய் ஆடிட்டுதான் வாயேன்யா."

தேசப்பன் உருகிப்போனான். தன் உயிர் போனாலும் புருஷன் சந்தோஷம்தான் பெரிதென்று நினைக்கிறவள் வேறு எந்த ஊரில் இருப்பாள்? அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சாமி முன்னாடி வுட்டுட்டேன்மே, உன் ஒடம்புக்காவ. இன்னும் இன்னா கவலை ஒனக்கு?"

அவள் முந்தானையால் காதை மூடினாள். பொங்கல் போய் மூன்று மாதம் கழித்து அப்போதுதான் அந்தக் காதைக் கவனித்தான். அதில் வேப்பங்குச்சி செருகியிருந்தது.

"கம்மல் எங்கமே?"

"கிரேசு ஊட்டுல."

"அங்க எப்டிப் போச்சு?"

செங்கம்மாள் விசும்பினாள்.

"வாராவாரம் நீ தோப்பேன்னுதான்யா அவகிட்ட பந்தயம் கட்டுவேன், கம்மலை வச்ச அன்னிக்குன்னு பாத்து ஜெயிச்சுக்கினு வந்தியே!"