உப்புச் சுடர்

"அம்மா, விளக்கு எரியுதா, எரியலையா?"

பூஜையறைக்கு ஹைட்ரஜன் விளக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை இதழினி இப்படித்தான் கேட்டாள். அவள் அம்மா பூரணி குனிந்து குனிந்து பார்த்தாள். வீட்டில் எண்ணெய், நெய் எதையும் எரிக்கக் கூடாது என்று அரசு சட்டம் போட்டிருந்தது. ஹைட்ரஜன் தீயோ பகலில் கண்ணுக்கே தெரியாது. சுடரைக் கும்பிடுகிறோமா, வெறும் குழாயையா என்ற குழப்பத்திலேயே மாதங்கள் ஓடின.

இன்று காலை, எரிகிறதா என்று தொட்டுப் பார்த்த இதழினி விரலைச் சுட்டுக்கொண்டாள். அலறல் கேட்டு எதிர்வீட்டு ரஹ்மத் ஓடிவந்து, அந்த விரலைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தாள். பிறகு கல்லுப்பு ஒன்றை எடுத்து விளக்கின் வாயில் வைத்தாள். உப்புப் பொரிந்து மஞ்சள் சுடர் எழுந்தது.

"உப்புல சோடியம் இருக்குல்ல, அதான் மஞ்சளாத் தெரியுது."

"சாமி விளக்குல உப்பா, அக்கா? ஆகுமா?" என்றாள் பூரணி.

"அத உன் சாமிகிட்டயே கேளு. பிள்ளைக்குத் தீ தெரிஞ்சா எனக்குப் போதும்."

மாலையில் பூரணி தனியாக விளக்கேற்றினாள். ஆகுமா, ஆகாதா என்று இன்னும் தெளியவில்லை. ஆனாலும் ஒரு கல் உப்பை வைத்தாள். எப்போதும் மகளுக்காகத்தான் முதலில் வேண்டுவாள். இன்று, ரஹ்மத்தின் கணவர், படுத்த படுக்கையாகக் கிடக்கும் காதர் அண்ணன் எழுந்து நடக்க வேண்டும் என்று முதலில் வேண்டினாள். அதை ரஹ்மத்திடம் அவள் சொல்லவே இல்லை.