சிரிக்காம ஓடுங்க

சைரன் அலறியது. "தீ! தீ!" என்று கத்திக்கொண்டு தொழிலாளர்கள் ஆணும் பெண்ணுமாகக் கம்பெனியின் முன்வாசல் வழியாக வெளியே ஓடிவந்தார்கள்.

"கட்! கட்!" பீட்டர் கேமராவைக் கீழே இறக்கினான். "யக்கா, தீப்புடிச்சா யாராவது சிரிச்சிக்கினே ஓடியாருவாங்களா?"

"பின்ன இன்னாப்பா?" ஹெலன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். "காலைலேர்ந்து இதே ஓட்டம். இன்னும் நாஷ்டா கூட துன்னல. போன வாரம் எடுத்ததையே நீ ஒழுங்கா குடுத்திருந்தா இந்த பேஜாரே இல்ல."

குத்தல் சரியான இடத்தில்தான் விழுந்தது. காக்களூர் தொழிற்பேட்டையில் இருக்கும் அந்தக் கம்பெனியில் தீ ஒத்திகை போன வாரமே முறையாக நடந்து முடிந்துவிட்டது. படமெடுத்ததும் இதே பீட்டர்தான். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்காமல் மெமரி கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தான்.

மறுநாள் கடம்பத்தூரில் ஒரு ஞானஸ்நானம். அவசரத்தில் அதே கார்டைச் செருகி, யோசிக்காமல் ஃபார்மட் பண்ணி அதிலிருந்ததையெல்லாம் அழித்துவிட்டான். அதன் மேலேயே ஞானஸ்நானப் படங்களும் ஏறிவிட்டதால் ஒத்திகைப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பாதுகாப்பு அதிகாரி துளசிராமன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். தலைமை அலுவலகம் கொடுக்கிற பாதுகாப்பு விருதுக்குப் படம் அனுப்பியே ஆக வேண்டும். "படம் இல்லைன்னா இனிமே இந்த கேட்டுப் பக்கமே வராத" என்று சொல்லிவிட்டார். பீட்டருக்கு வருஷம் முழுக்கச் சோறு போடுவது இந்தக் கம்பெனி வேலைதான். கல்யாணக்காரர்கள் எல்லாம் ட்ரோன் வைத்திருக்கிற ஆளைத் தேடிப் போய்விட்டார்கள்.

அதனால் இன்றைக்குக் கேமராவில் இரண்டு கார்டு போட்டு, ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதிகிற மாதிரி செட்டிங்கை மாற்றியிருந்தான். ஆனால் படம்தான் அமைகிற வழியாக இல்லை. ஷட்டர் ஸ்பீடு குறைவாக இருந்தபோது ஓடுகிற கால்களெல்லாம் கலங்கிப் போயின. அதைக் கூட்டினால் எதிர்வெயிலில் முகமெல்லாம் ஒரே கரி. இரண்டும் சரியாக வந்தபோது எல்லோரும் பல்லைக் காட்டினார்கள்.

"சார், இங்க வெயிலு லென்சுக்கு நேரா அடிக்குது. பின்னாடி எமர்ஜென்சி கேட்டு வழியா ஓடியாரச் சொல்லுங்க. மூஞ்சில வெளிச்சம் சூப்பரா வுழும்."

"அதெல்லாம் வேணாம்," துளசிராமன் வெடுக்கென்று சொன்னார். "முன்னாடியே எடு."

"கொஞ்சம் பொகையாவது போட்டா…"

"சினிமாவாய்யா எடுக்கற? பேசாம எடு." போன் அடிக்கவே, அதைக் காதில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குள் போய்விட்டார்.

பீட்டருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. நல்ல வெளிச்சத்தைப் பின்பக்கம் வைத்துக்கொண்டு இங்கே நிற்க வைத்துச் சாவடிக்கிறாரே என்று முணுமுணுத்தான். ஹெலனைக் கூப்பிட்டான்.

"யக்கா, இந்தவாட்டி பின்பக்கமா வாங்க. அவரு பாக்கமாட்டாரு. நெஜமாவே பயந்த மாரி மூஞ்சிய வெச்சிக்கினு வாங்க. இதான் கடைசி, அப்பறம் நாஷ்டாக்குப் போலாம்."

தொழிலாளர்கள் அலுத்துக்கொண்டே உள்ளே போனார்கள். பீட்டர் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் வந்து சேர்வதற்குள் சைரன் அலறிவிட்டது. அவசரமாகக் கேமராவைத் தூக்கி, முகங்களை நெருக்கமாக ஜூம் பண்ணினான்.

ஹெலன்தான் முதலில் வந்து எமர்ஜென்சி கேட்டின் கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கினாள். அவளுக்குப் பின்னால் தேசப்பன், இன்னும் பலர், ஒருவரை ஒருவர் நெட்டித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. அவர்கள் தலைக்கு மேல் கரும்புகைகூட எழும்பியது.

துளசிராமன் மனசு மாறிப் புகை போடவும் ஏற்பாடு பண்ணிவிட்டார் போல! பீட்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்டித்தான்க்கா! இன்னும் கத்துங்க! தேசப்பண்ணா, கதவ நல்லா ஆட்டு!" விரலை எடுக்காமல் அடித்துத் தள்ளினான்.

"டேய் பீட்டரு!" ஹெலனின் குரல் உடைந்தது. "பெயிண்டு ரூமு நெஜமாவே எரியுதுடா! முன்பக்கம் போவ முடியல. வெளிய பூட்டிக்கீது, பூட்ட ஒடைடா!"

அப்போதுதான் அவன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தான். ஆட்கள் வேலை நேரத்தில் நழுவிவிடக் கூடாதென்று யாருக்கும் சொல்லாமல் கதவுக்கு வெளிப்பக்கம் கனமான பூட்டு ஒன்று போட்டிருந்தார்கள். கீழே கிடந்த இரும்புக் குழாயை எடுத்து வெறி பிடித்தவன் போல் அடித்தான். பூட்டு தெறித்தது. இருமிக்கொண்டும் அழுதுகொண்டும் எல்லோரும் வெளியே வந்து விழுந்தார்கள்.

தீயணைப்பு வண்டி வந்து நெருப்பை அணைத்தது. ஹெலன் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்து, யாரும் விட்டுப்போகவில்லை என்று தெரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் சாகக் கிடந்தபோது 'இன்னும் கத்துங்க' என்று தான் கூவியது பீட்டருக்கு நினைவு வந்தது.

துளசிராமன் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். உடைந்து கிடந்த பூட்டைப் பார்த்தார். இருமிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி நேராகப் பீட்டரிடம் வந்தார்.

"படம் எடுத்தியா?"

"எடுத்தேன் சார்." பீட்டர் கேமராவைத் தூக்கிக் காட்டினான். "பொகை, இவங்க கம்பியப் புடிச்சிக்கினு கத்துனது, அந்தப் பூட்டு, அல்லாமே தெளிவா வந்துகீது. ரெண்டு கார்டுலயும் பத்திரமா கீது சார். இந்தவாட்டி ஒண்ணுகூட அழியாது."

துளசிராமன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு அவன் தோளில் கையைப் போட்டு, இதுவரை அவனிடம் காட்டியே இராத ஒரு கனிவோடு சொன்னார்.

"ரெண்டையும் ஃபார்மட் பண்ணிடுப்பா."